சைக்கிள் கொடுத்தீர்கள், பாதை எங்கே?

வல்லத்திராக்கோட்டையிலிருந்து புதுக்கோட்டைப் பக்கம் போனாலும் சரி, அறந்தாங்கிப் பக்கம் போனாலும் சரி, குறுக்கே விழுந்து ஆலங்குடிக்குப் போனாலும் சரி, சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளும்படியான ஏற்றம் ஒன்று கிடையாது. இந்தச் சீமையின் தரை தென்கிழக்கே கடலைப் பார்த்துக் கண்ணுக்குத் தெரியாமல் சரிந்துகொண்டே போகிறது. அந்தச் சரிவை நம்பித்தான் முன்னோர்கள் ஒரு கண்மாயின் கலிங்கு அடுத்த கண்மாய்க்கு வரத்தாகும்படி வரிசையாக வெட்டி வைத்தார்கள். சைக்கிள் மிதிக்க இதைவிடத் தோதான மண்ணை யாரும் செய்து தர முடியாது. ஆனால் இந்த ஊரிலிருந்து ஒரு பிள்ளை, முதுகுக்குப் பின்னால் ஹாரன் அலறாமல், உச்சந்தலையில் வெயில் இறங்காமல், ஒரு மைல் தூரம் நிம்மதியாக மிதித்துப் போக வழி இல்லை. நினைக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது.

காலை எட்டரை மணிக்கு அறந்தாங்கி சாலையோரம் நின்று பாருங்கள். ஜல்லி ஏற்றிய டிப்பர், எம்-சாண்ட் ஏற்றிய டிப்பர், பள்ளிக்கூட வேன், கல்லூரிப் பேருந்து, இவற்றை எல்லாம் முந்தியே தீருவேன் என்று வரும் கார்கள். இவற்றுக்கு நடுவில் சீருடை போட்ட பிள்ளைகள் சாலையோரத்து வெள்ளைக்கோட்டின் மேல் சைக்கிள் ஓட்டிப் போகிறார்கள். சாலையைப் புதுப்பிக்கும்போதெல்லாம் பழைய தாரின் மேலேயே புதுத் தாரைக் கொட்டி இறுக்குகிறார்கள். ஒவ்வொரு முறையும் தார் உயர்கிறது, ஓரத்து மண் இருந்த இடத்திலேயே கிடக்கிறது. சில இடங்களில் இரண்டுக்கும் நடுவில் அரையடிப் பள்ளம். பின்னால் ஹாரன் கேட்டால் பிள்ளை ஒதுங்கத்தான் வேண்டும். ஒதுங்கினால் முன்சக்கரம் விளிம்பிலிருந்து நழுவும். நழுவினால் வெளிப்பக்கம் முள்ளில் விழுவதா, உள்பக்கம் லாரிச் சக்கரத்தின் பக்கம் விழுவதா என்பது மிதிப்பவர் கையில் இல்லை.

கிளைச் சாலைகள் மட்டும் வாழ்கின்றனவா என்றால் அதுவும் இல்லை. கிராமத்து ஒற்றைத் தடச் சாலைக்கு அரசாங்கம் வைத்திருக்கும் அகலம் 3.75 மீட்டர். அதில் ஒரு பேருந்து வந்தால் அதுவே இரண்டரை மீட்டரை அடைத்துக்கொள்ளும். மிச்சமிருப்பது ஒன்றேகால் மீட்டர். எதிரே ஒரு டிராக்டர் வந்துவிட்டால் அதுவும் இல்லை. இந்தக் கணக்கைப் போட்டவர்கள் எவருக்கும் இந்தச் சாலையில் சைக்கிளும் வரும் என்று ஒருமுறைகூடத் தோன்றவில்லையா?

என் அண்ணன் மகள் ப்ளஸ் டூ படிக்கும்போது இப்படித்தான் விளிம்பு நழுவி விழுந்தாள். நல்லவேளை வெளிப்பக்கம் விழுந்தாள். முன்கை எலும்பு முறிந்தது. கட்டுப் பிரித்து கை கூடிய பிறகும் அண்ணன் சைக்கிளை எடுக்க விடவில்லை. "வேணாந்தா, பஸ்ஸுலயே போ" என்றார். பேருந்து எந்த நேரத்துக்கு வரும், வந்தால் நிற்குமா என்பது இந்தப் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும். சைக்கிள் மாட்டுக்கொட்டகைச் சுவரில் சாய்ந்தது. டியூப் காற்றிறங்கி, செயின் துருப்பிடித்து, கேரியரில் கோழி அடைந்தது. அவள் மாலைச் சிறப்பு வகுப்பை விட்டாள், சனிக்கிழமைத் தட்டச்சை விட்டாள். பிள்ளைகள் விழுவதும் எழுவதும் உண்டுதான். ஆனால் ஒருமுறை விழுந்ததற்காக ஒரு பெண்பிள்ளையின் போக்குவரத்தையே முடக்கிப் போடுகிற ரோட்டை நாம் போட்டு வைத்திருக்கிறோமே, அதுதான் எனக்கு ஆறவில்லை.

வேறு மாவட்டம் என்றால்கூட மனதைத் தேற்றிக்கொள்வேன். இது புதுக்கோட்டை மாவட்டம். பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றதை ஊர்த் திருவிழாவாகவே நடத்திய மண். 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் வந்தபோது, எழுத்து கற்பதோடு சைக்கிளையும் சேர்த்துக் கற்பது என்று முடிவானது. அன்றைய கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் அதற்குப் பின்னால் உறுதியாக நின்றார். சைக்கிள் வாங்கப் பெண்களுக்குக் கடன் கொடுக்கும்படி வங்கிகளைப் போய் நெருக்கியதும் அவர்தான். 1992ஆம் ஆண்டு மகளிர் தினத்தன்று கைப்பிடியில் கொடி கட்டிய 1,500 பெண்கள் மணியடித்துக்கொண்டு புதுக்கோட்டைத் தெருக்களில் சைக்கிளில் வந்தார்கள். பொது இடங்களில் நடந்த போட்டிகளிலும் விழாக்களிலும் 70,000க்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிள் ஓட்டிக் காட்டினார்கள். கற்றுக்கொண்டவர்கள் ஒரு லட்சத்தைத் தாண்டினார்கள். அன்றைக்கு மாவட்டத்து ஜனத்தொகையே 13 லட்சத்துக்குச் சற்று மேல். குழந்தைகளையும் ஆண்களையும் கழித்துவிட்டுப் பார்த்தால் கிராமத்துப் பெண்களில் நாலு பேருக்கு ஒருத்தி சைக்கிளில் ஏறியிருந்தாள் என்று ஆகிறது.

பத்திரிகையாளர் பி. சாய்நாத் நேரில் வந்து இதைப் பார்த்து எழுதினார். 1996இல் வெளிவந்த கிராமத்து வறுமை பற்றிய அவருடைய புத்தகத்தில் எங்கள் சைக்கிளுக்கு ஓர் அத்தியாயமே இருக்கிறது. அது இந்திக்குப் போய், மத்தியப் பாடத்திட்டத்து எட்டாம் வகுப்புப் பாடமாகப் பல ஆண்டுகள் இருந்தது. வடநாட்டுப் பிள்ளைகள் தேர்வுக்குப் புதுக்கோட்டைப் பெண்களின் சைக்கிளைப் படித்தார்கள். இங்கே அந்தப் பெண்களின் பேத்திகள் சைக்கிளை எடுக்கப் பயந்து பேருந்து நிறுத்தத்தில் கால் கடுக்க நிற்கிறார்கள்.

நானும் அந்தக் காலத்தில் கற்றவள்தான். லேடீஸ் சைக்கிள் கடையில் கிடைக்காது. ஒரே வருடத்தில் லேடீஸ் சைக்கிள் விற்பனை மூன்றரை மடங்குக்கு மேல் ஏறியதாக ஒரு கடைக்காரர் சொன்ன காலம் அது. ஆகவே ஆம்பிளை சைக்கிளை வாடகைக்கு எடுத்து, பாருக்கு அடியில் காலை விட்டுக் குரங்குப் பெடல் போட்டுத்தான் பழகினோம். பிறகு அந்த பாரே தோதாகிப் போனது. பிள்ளையை முன்னால் பாரில் உட்கார வைத்து, பின்னால் கேரியரில் தண்ணீர்க் குடத்தையோ கடலை மூட்டையையோ கட்டிக்கொண்டு போவோம். வயலிலிருந்து வீடு, வீட்டிலிருந்து ரேஷன் கடை, அங்கிருந்து அறிவொளி மையம். பேருந்துக்குக் காத்து நின்ற நேரமும், "கொண்டுபோய் விடுறீங்களா" என்று தகப்பனையோ அண்ணனையோ கேட்டு நின்ற நேரமும் எங்களுக்குத் திரும்பி வந்தன.

அன்றைக்கு எங்களில் ஒருத்திகூட சைக்கிளுக்குத் தனிப் பாதை வேண்டும் என்று கேட்கவில்லை. கேட்கத் தேவை இருக்கவில்லை. மணிக்கு ஒரு பேருந்து, எப்போதாவது ஒரு லாரி, மற்ற நேரமெல்லாம் ரோடு எங்களுடையது. நாலு பேர் வரிசைகட்டி, பேசிக்கொண்டே மிதித்துப் போகலாம். இரண்டு பக்கமும் புளியமரங்கள் கைகோத்து நின்றன. சித்திரை மாதத்து மத்தியானத்திலும் அந்த நிழலுக்குள் நுழைந்தால் உடம்பு குளிர்ந்துபோகும். காலியான ரோடும் மரநிழலும் சேர்ந்துதான் ஒரு லட்சம் பெண்களைச் சைக்கிளில் ஏற்றின. தைரியமும் இயக்கமும் இருந்தன, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் ரோடு இன்றைக்கு இருப்பதுபோல இருந்திருந்தால், கற்றுக்கொடுக்கப் போன தொண்டர்களே எங்களைச் சைக்கிளில் ஏற்றப் பயந்திருப்பார்கள். ஆகவே நாங்கள் இப்போது கேட்பது புதிய சலுகை இல்லை. எங்களிடம் இருந்து பறிபோனதைத் திருப்பிக் கேட்கிறோம்.

அரசாங்கம் சைக்கிளைக் கொடுக்காமல் இல்லை. 2001-02இல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கு என்று தொடங்கிய விலையில்லா சைக்கிள் திட்டம் சில ஆண்டுகளில் எல்லா மாணவிகளுக்கும், பிறகு மாணவர்களுக்கும் விரிந்தது. பதினோராம் வகுப்பு வந்தால் சைக்கிள். நல்ல திட்டம். எந்த ஆட்சி வந்தாலும் நிறுத்தாமல் நடத்துகிறார்கள், அதற்காகக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். பீகாரில் 2006இல் மாணவிகளுக்குச் சைக்கிள் வாங்கப் பணம் கொடுத்தார்கள். பொருளாதார அறிஞர் கார்த்திக் முரளிதரனும் அவருடைய சகாவும் அதை ஆராய்ந்தபோது, உயர்நிலை வகுப்பில் சேரும் பெண்பிள்ளைகள் 32 விழுக்காடு கூடியதையும், ஆண் பெண் இடைவெளி 40 விழுக்காடு குறைந்ததையும் கண்டார்கள். பள்ளிக்கூடம் மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் ஊர்களில்தான் பலன் அதிகம். சைக்கிளின் பலன் தூரத்தில்தான் இருக்கிறது. அந்தத் தூரத்தைத்தான் நாம் லாரிக்கும் வெயிலுக்கும் கொடுத்துவிட்டோம். விழா மேடை போட்டுச் சாவியைக் கையில் கொடுக்கும் பெரியவர்களை ஒன்று கேட்கிறேன். அந்த மேடையிலிருந்து இறங்கி, கொடுத்த சைக்கிளிலேயே அந்தப் பிள்ளையின் வீடு வரைக்கும் ஒருமுறை மிதித்து வாருங்கள். மாலை நாலரை மணிக்கு, எதிர்க்காற்றில், முதுகில் புத்தகப் பையோடு.

நிழல் போன கதை இன்னும் கொடுமை. சாலையோரப் புளியமரங்களில் பாதி ரோட்டை அகலப்படுத்தும்போது போயின. தாத்தா காலத்து மரங்கள். வருடா வருடம் ஏலம் விட்டுப் புளி உலுக்கிய மரங்கள். காலையில் ரம்பம் வைத்தார்கள், சாயங்காலம் லாரியில் ஏற்றினார்கள். ஒன்றுக்குப் பத்தாகக் கன்று நடுவோம் என்றார்கள். நட்டார்கள். தண்ணீர் ஊற்ற ஆள் இல்லை, ஆட்டுக்கு வேலி இல்லை. நூறு நாள் வேலையில் நாங்களே குழி தோண்டி நட்ட கன்றுகளில், அடுத்த கோடையில் நின்றது வேலிக்குச் செருகிய குச்சி மட்டும்தான்.

மிச்சமிருந்ததைக் கஜா கொண்டுபோனது. 2018 நவம்பர் 16ஆம் தேதி அதிகாலை வேதாரண்யம் பக்கம் கரையேறிய புயல், விடிவதற்குள் எங்கள் மாவட்டத்தைப் புரட்டிப் போட்டது. வடகாடு, கீரமங்கலம் பக்கத்துப் பலாவும் தென்னையும் வேரோடு போனதை நாடே பார்த்தது. சாலையோர மரங்கள் போனதை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை, அவற்றுக்கு நிவாரணம் கேட்கச் சொந்தக்காரர் யாரும் இல்லையே. தென்னை இழந்தவருக்கு மரத்துக்கு இவ்வளவு என்று எழுதினார்கள், எழுதட்டும், அது நியாயம். ரோட்டு நிழலை இழந்த பிள்ளைகளுக்கு யார் எழுதுவது? அந்தப் புயலிலும் அசையாமல் நின்றது பனை. பனையை நம்பி நிழலுக்கு ஒதுங்க முடியாது என்றாலும், காற்றுத் தடுப்புக்கு அதைப்போல ஒன்று இல்லை என்பதை அன்று கண்ணால் பார்த்தோம்.

"மரமா இல்லை? காடு காடா நிக்குதே" என்பார்கள் வெளியூர்க்காரர்கள். அது தைல மரக்காடு. தமிழ்நாடு வனத்தோட்டக் கழகம் 1974இல் தொடங்கியது. அதன் தைலமரத் தோட்டங்கள் எங்கள் மாவட்டத்தில் கண்ணுக்கு எட்டின வரைக்கும் விரிந்து கிடக்கின்றன. தைல மரத்தின் இலை பக்கவாட்டில் விரியாது, கீழ்நோக்கித் தொங்கும். உச்சி வெயில் அதன் இடுக்குகளில் நேராக இறங்கித் தரையைச் சுடும். அதன் அடியில் சைக்கிளை நிறுத்திவிட்டு மூச்சு வாங்க நின்றால் நிழலில் நிற்கிறோமா வெயிலில் நிற்கிறோமா என்று தெரியாது. சில வருடத்துக்கு ஒருமுறை காகித ஆலைக்கு வெட்டிப் போய்விடுவார்கள், அந்தக் கொஞ்ச நிழலும் போகும். தோட்டத்துக்குள் மழைத்தண்ணீரைப் பிடிக்கப் போடும் வரப்புகளால் கண்மாய்க்கு வரும் வரத்து நிற்கிறது என்று விவசாயிகள் ஆண்டாண்டு காலமாகச் சொல்லி வருகிறார்கள். மண்ணுக்கும் நிழல் இல்லை, கண்மாய்க்கும் தண்ணீர் இல்லை. பசுமைத் தமிழகம் இயக்கம் என்று 2022இல் தொடங்கி, மாநிலத்தின் மரப் பரப்பை 33 விழுக்காடாக்கப் போகிறோம் என்கிறார்கள். ஆகட்டும். அந்த மரங்களை எங்கே வைப்பீர்கள் என்பதுதான் என் கேள்வி. ஆள் நடமாடாத இடத்தில் நட்டுக் கணக்குக் காட்டாமல், பிள்ளை போகிற வழியில் வையுங்கள். புங்கை வையுங்கள். பங்குனி, சித்திரையில் மற்ற மரங்கள் வாடும்போது புங்கை புதுத்தளிர் விட்டு நிற்கும், ஐந்தாறு வருடத்தில் ஆள் நிற்க நிழல் கொடுக்கும். வேம்பு வையுங்கள். பொறுமை இருப்பவர்கள் புளியும் இலுப்பையும் வைக்கட்டும், பேரப்பிள்ளைகள் அனுபவிப்பார்கள்.

சரி, நிலத்துக்கு எங்கே போவது என்று கேட்பார்கள். நிலம் எடுக்க வேண்டாம், காசு கொடுத்து வாங்க வேண்டாம். வி.ஏ.ஓ. அலுவலகத்தில் இருக்கும் அ-பதிவேட்டைத் திறவுங்கள், புலப்படத்தைப் பிரித்துப் போடுங்கள். ஒவ்வொரு ஊரிலும் வண்டிப்பாதை புறம்போக்கு என்று கோடு ஓடும். மாட்டுவண்டி காலத்தில் ஊருக்கு ஊர் குறுக்காகப் போன பாதைகள். கண்மாய்க்கரை ஓரமாக, வாய்க்கால் ஓரமாக, கோயில்காட்டைச் சுற்றிக்கொண்டு, ரோட்டையே தொடாமல் போகும். என் அப்பத்தா சந்தைக்குப் போனதெல்லாம் அந்தப் பாதையில்தான். இன்றைக்கு அதில் பாதியைப் பக்கத்துக் காட்டுக்காரர் உழுது சேர்த்துக்கொண்டார். மீதியில் சீமைக்கருவேல் மண்டிக் கிடக்கிறது. அதன் முள் டயரைத் துளைத்து டியூபுக்குள் இறங்கினால் ஒரே முள்ளுக்கு இரண்டு ஓட்டை விழும். பஞ்சர்க் கடைத் தம்பி தண்ணீர்த் தொட்டியில் டியூபை அமுக்கிப் பார்த்து, குமிழி வந்த இடத்தில் எல்லாம் பேட்ச் ஒட்டி, "அக்கா, ஒட்டுறதுக்கு இனி டியூப்ல எடம் இல்ல" என்கிறான். குறுக்குவழி இருந்தும் பிள்ளைகள் பெரிய ரோட்டுக்கே போவதற்கு இந்த முள்தான் காரணம். முள்ளை வெட்டி எடுக்க என்ன பெரிய பொறியியல் வேண்டும்?

கண்மாய்க்கரையைச் சொன்னேன். இந்த மாவட்டத்தில் ஆயிரக்கணக்கில் கண்மாய்களும் ஏரிகளும் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் கரை இருக்கிறது, கரையில் நடக்கிற அளவுக்கு அகலமும் இருக்கிறது. அதற்கும் பெரியது கால்வாய்க் கரை. மேட்டூர் அணை கட்டிய 1930களில் வெட்டிய கல்லணைக் கால்வாய், தஞ்சாவூர், ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணி வழியாக வந்து அறந்தாங்கிப் பக்கத்தில் எங்கள் மாவட்டத்துக்குள் முடிகிறது. கிட்டத்தட்ட 149 கிலோமீட்டர். கால்வாய்க்குத் தண்ணீர் ஓடும் சரிவு போதும் என்பதால் அதன் கரை முழுக்கச் சமதரை. ஒரு கரையில் மட்டும் மரம் வைத்து, கார் நுழையாமல் காத்தால், கல்லணையிலிருந்து கடைமடை வரைக்கும் சைக்கிளிலேயே வரலாம். இப்படி ஒரு பாதை நம்மிடம் பாதி தயாராகக் கிடக்கிறது.

இப்போது புதிதாகவும் ஒன்று வெட்டுகிறார்கள். காவிரி-வைகை-குண்டாறு இணைப்புக் கால்வாய். 2021 பிப்ரவரி 21ஆம் தேதி விராலிமலை அருகே குன்னத்தூரில் அடிக்கல் நாட்டினார்கள். மாயனூரிலிருந்து எங்கள் தெற்கு வெள்ளாறு வரைக்குமான முதல் கட்டமே 118 கிலோமீட்டருக்கு மேல். கால்வாய் என்றால் கரை உண்டு, கரை என்றால் அதிகாரி ஜீப்பில் பார்வையிட ஒரு வழி உண்டு. அந்த வழியை வரைபடத்தில் போடும்போதே ஓரத்தில் இரண்டு வரிசை மரமும் சைக்கிள் தடமும் சேர்த்துப் போட்டால் தனிச் செலவு எவ்வளவு ஆகிவிடும்? கட்டி முடித்த பிறகு கேட்டால், திட்டத்தில் இல்லையே என்பார்கள். அதனால்தான் இப்போதே கத்துகிறேன்.

ஹைதராபாத்தில் 2023 அக்டோபரில் வெளிவட்டச் சாலையை ஒட்டி 23 கிலோமீட்டருக்குச் சைக்கிள் பாதை திறந்தார்கள். மேலே முழுக்கச் சூரியத் தகடுக் கூரை. வெயிலும் படாது, 16 மெகாவாட் மின்சாரமும் கிடைக்கும். நல்ல வேலை. ஆனால் அந்தப் பாதை பெரும்பாலும் உடற்பயிற்சிக்கு மிதிப்பவர்களுக்கு உதவுகிறது. 2020இல் ஒன்றிய அரசு சைக்கிளுக்காக ஒரு சவால் போட்டி அறிவித்தபோதும் அது நகரங்களுக்கு மட்டும்தான். சைக்கிள் என்றாலே நகரத்துப் பொழுதுபோக்கு என்றும், கிராமத்தான் என்றைக்காவது மோட்டார் சைக்கிள் வாங்கிவிடுவான் என்றும் முடிவே கட்டிவிட்டார்கள் போலிருக்கிறது. வேலைக்கும் வகுப்புக்கும் வயலுக்கும் மிதிக்கிறவர்கள் கிராமத்தில்தானே அதிகம்?

நெதர்லாந்தைப் பற்றிப் பேசினால் "அது வெளிநாடும்மா" என்கிறார்கள். வெளிநாடுதான். ஆனால் அவர்களும் பிறக்கும்போதே சைக்கிள் பாதையோடு பிறக்கவில்லை. 1971ஆம் ஆண்டில் மட்டும் அங்கே ஏறத்தாழ 3,300 பேர் சாலையில் செத்தார்கள், அதில் 400க்கும் மேற்பட்டவர்கள் குழந்தைகள். அடுத்த வருடம், விபத்தில் மகளை இழந்திருந்த ஒரு பத்திரிகையாளர் குழந்தைக் கொலையை நிறுத்துங்கள் என்று எழுத, பெற்றோர் தெருவுக்கு வந்தார்கள். ரோட்டை மறித்தார்கள். அதன் பிறகுதான் பாதைகள் பெருகின, இன்றைக்கு 35,000 கிலோமீட்டருக்கு மேல். தமிழ்நாட்டில் 2022இல் சாலையில் செத்தவர்கள் 17,884 பேர். நெதர்லாந்தின் ஜனத்தொகை அன்றைக்கு ஒன்றே கால் கோடிக்குச் சற்று மேல், நம்முடையது ஏழரைக் கோடிக்கும் மேல். ஆள் கணக்குக்குப் போட்டுப் பாருங்கள், ஏறக்குறைய அவர்களுடைய அன்றைய நிலையில்தான் நாம் இன்று நிற்கிறோம். அந்த எண்ணிக்கையைப் பார்த்து அவர்கள் கொதித்தார்கள். நாம் ஹெல்மெட் பேரணி நடத்திவிட்டு வீட்டுக்குப் போகிறோம்.

போன கிராம சபையில் இதையெல்லாம் எழுந்து சொன்னேன். ஒரு அலுவலர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இப்ப யாருக்கா சைக்கிள் ஓட்டுறா? எல்லாரும் ஸ்கூட்டிக்குப் போயிட்டாங்கள்ல?" என்றார். ஓட்ட முடியாமல் பண்ணிவிட்டு யார் ஓட்டுகிறார்கள் என்று கேட்டால் எப்படி? 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியாவில் கிட்டத்தட்ட 45 விழுக்காடு வீடுகளில் சைக்கிள் இருந்தது. ஸ்கூட்டி வாங்க முடியாத வீட்டில் இருக்கும் ஒரே வண்டி அதுதான். பதினெட்டு வயது ஆகாத பிள்ளை சாதாரண ஸ்கூட்டியைச் சட்டப்படி ஓட்ட முடியாதே, பிறகு எதில் பள்ளிக்கூடம் போகும்? முழங்கால் வலிக்காரி நானே இன்றும் சத்துணவு மையத்துக்குச் சைக்கிளில்தான் போகிறேன். பெட்ரோல் போட எனக்குக் கட்டுப்படியாகாது. "தம்பி, நீங்க ஒரு வாரம் இந்த வண்டிப்பாதையச் சுத்தம் பண்ணிக் குடுங்க, யாரு ஓட்டுறாங்கன்னு நான் காட்டுறேன்" என்றேன். பக்கத்தில் இருந்த பெண்கள் கை தட்டினார்கள். அவர் குறித்துக்கொண்டார். அதன் பிறகு ஒன்றும் நடக்கவில்லை.

நியாயமான எதிர்ப்பும் ஒன்று வந்தது, அதை மறைக்கக் கூடாது. வண்டிப்பாதையை அடைத்தால் எங்கள் டிராக்டர் எப்படிப் போகும், அறுப்பு மெஷின் எப்படி வரும் என்று ஆயக்கட்டுக்காரர்கள் கேட்டார்கள். அடைக்கச் சொல்லவில்லை. டிராக்டர் போகட்டும், அறுப்புக்கு மெஷின் போகட்டும், ஆடு மாடு போகட்டும். குறுக்குவழி தேடும் காரும் டிப்பரும்தான் வேண்டாம். இதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பாதையை அகலமாக்கித் தார் போட்டுக் கொடுத்தால் அடுத்த மாதமே டிப்பர் அதில் நுழைந்துவிடும், இந்தப் பக்கத்தில் அதைப் பல ஊர்களில் பார்த்தாகிவிட்டது. கிராவல் கொட்டி இறுக்கினால் போதும். இரண்டு முனையிலும் பூட்டுப் போட்ட குறுக்குக் கம்பி, சைக்கிளும் நடப்பவரும் நுழைய ஓரத்தில் சந்து, சாவி ஆயக்கட்டுக்காரர்கள் கையில். கரும்பும் நெல்லும் போகிற வழியில் பிள்ளைகளும் போவதற்கு யாருக்கு என்ன தடை?

அடுத்த கிராம சபை அக்டோபர் 2. ஐப்பசி மழைக்கு முன்னால் கன்று நட அதைவிட நல்ல சமயம் கிடையாது, அந்த மழையில் வேர் பிடித்தால்தான் அடுத்த கோடையைத் தாங்கும். தீர்மானத்தை எழுதி வைத்திருக்கிறேன். வல்லத்திராக்கோட்டைப் பள்ளிக்கூடத்திலிருந்து சுற்றுவட்டத்து ஊர்களுக்குப் போகும் வண்டிப்பாதைகளைப் புலப்படத்தின்படி சர்வேயரை வைத்து அளந்து கல் ஊன்ற வேண்டும். கருவேலை வேரோடு எடுக்க வேண்டும். கிராவல் போட வேண்டும். ஒவ்வொரு கன்றுக்கும் கூண்டும், இரண்டு கோடைக்குத் தண்ணீர் ஊற்றச் சம்பளத்தோடு ஆளும் வேண்டும். பெரிய ரோட்டைக் கடக்கும் இடத்தில் வேகத்தடை வேண்டும். அறிவொளியில் என்னோடு பாருக்கு அடியில் காலை விட்டுப் பழகியவர்கள் இன்னும் இந்த ஊர்களில்தான் இருக்கிறார்கள். ஒவ்வொரு வீடாகப் போய்ச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். சபைக்கு வரும்போது பேத்திகளையும் கூட்டிக்கொண்டு, சைக்கிளிலேயே வரச் சொல்லியிருக்கிறேன்.